எல்லாமே அலை இல்லை

ஜாலான் டத்தோ கிராமாட்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.
11 ஜனவரி 2026

லாபுவான் துறைமுகத்து மாண்புமிகு கேப்டன் டெரிக் அவர்களுக்கு,

உங்கள் மனைவி நவோமி எழுதிக்கொள்வது. மனைவி என்று எழுதாவிட்டால் எந்த நவோமி என்று யோசிப்பீர்கள். கிறிஸ்மஸுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையில் ‘டியர் ஆல்’ என்று இருந்தது. இந்த வீட்டில் ‘ஆல்’ என்றால் நானும் சமையலறைப் பல்லியும்தான். இரண்டு பேரும் சுகம்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நாம் பேசினால் ‘மீன் வாங்கினாயா’ என்று தொடங்கி ‘நீ எப்போதுமே இப்படித்தான்’ என்று முடிகிறது. வாட்ஸப்பில் நீங்கள் படித்துவிட்டதாக நீலக் குறி காட்டும், பதில் வராது, எனக்கு இரத்தம் கொதிக்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் குழு ஒன்று இருக்கிறது. கடற்கரைப் பாதுகாப்பு பற்றி அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எனக்கு முன்னால் யாரோ அதைக் கணினியிடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். வேவ், அலை. ஸ்வெல், அலை. டைட், அலை. சர்ஜ், பெரிய அலை. ‘அலை இறங்கும்போது அலையில் இறங்காதீர்கள், அலை இழுக்கும்’ என்று ஒரு வாக்கியம். படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

காப்பீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு, நீதிமன்றக் காகிதம் எல்லாம் மொழிபெயர்த்தவள் நான். எதற்கும் அசந்ததில்லை. இதில் மாட்டிக்கொண்டேன். அகராதியைத் திறந்தால் ஒரு சொல் என்னை இன்னொரு சொல்லிடம் அனுப்புகிறது, அது முதல் சொல்லிடமே திருப்பி அனுப்புகிறது. எனக்குச் சொல் தெரியும். உங்களுக்குக் கடல் தெரியும். ஆகவே சொல்லுங்கள்: வேவ், ஸ்வெல், டைட், கரண்ட், இந்த நான்குக்கும் என்ன வித்தியாசம்? புத்தகத்தில் இருப்பதுபோல் வேண்டாம். பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நான் நிற்கிறேன் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இன்னொன்று. மே மாதக் கடைசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவர் மூன்றாம் வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டதை, பூசை முடிந்து கோயில் வாசலில் உங்கள் தங்கை பிரிஸில்லா சொல்லித்தான் அறிந்தேன். “அண்ணிக்குத் தெரியாதா?” என்று அவள் கேட்டது வளாகக் கோடியில் இருக்கும் மாதா கெபிவரைக்கும் கேட்டிருக்கும். ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. இந்த முறை என்ன செய்யப்போகிறீர்கள், வருவீர்களா, இருந்துவிடுவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்,
நவோமி


லாபுவான்
25 ஜனவரி 2026

அன்புள்ள நவோமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் ‘மாண்புமிகு’ என்று பார்த்துவிட்டு அலுவலகத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பல்லியைக் கேட்டதாகச் சொல்.

முழங்கால் தண்ணீரில் நிற்கிறாய் அல்லவா, அப்படியே நில். உன் முழங்காலில் வந்து மோதிவிட்டுப் போகிறதே, அது வேவ். நாம் அலை என்பது அதைத்தான். இங்கே இப்போது அடிக்கும் காற்று இங்கேயே எழுப்புவது அது. காற்று நின்றால் கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கும்.

ஸ்வெல்லுக்குக் காற்று இங்கே அடிக்க வேண்டாம். எங்கோ தூரத்தில், நாம் பார்க்காத கடலில் அடித்திருக்கும். இங்கே ஓர் இலை அசையாது, ஆனால் படகு மேலே போய்க் கீழே வரும். நுரைக்காது, உடையாது, நீளமாக, அவசரமில்லாமல் வரும். பினாங்குக்காரி உனக்கு அது தெரிய நியாயமில்லை. சுமத்ரா குறுக்கே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறது. இங்கே தென்சீனக் கடல். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஹக்கீம் சோற்றுத் தட்டை மேசையில் வைப்பதே இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறான். ஹக்கீம், கப்பல்களை இழுத்துவரும் எங்கள் இழுவைப் படகில் கயிறு போடுகிறவன், நல்ல பையன்.

டைட் அலையே இல்லை. கடல் மொத்தமாக ஏறுவதும் இறங்குவதும்தான் அது. கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் நம் ஊர் ஜெட்டி வீடுகளைப் பார். காலையில் வீட்டுக் கால்களுக்குக் கீழே வெறும் சேறு, நண்டு ஓடும். மத்தியானம் பலகைக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நிற்கும். அங்கே அலை எதுவும் அடிக்கவில்லை. கடல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

டைட் மேலும் கீழும். கரண்ட் பக்கவாட்டில். ஏறுகிற தண்ணீர் எங்கிருந்தாவது வர வேண்டும், இறங்குகிற தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? அந்த நடைதான் கரண்ட். பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெரி நேராக வராமல் மூக்கைச் சாய்த்துக்கொண்டு வரும். கேப்டனுக்குக் கண் சரியில்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். அந்த ஆள் தண்ணீர் தன்னை எவ்வளவு தள்ளும் என்று பார்த்து, அதற்கு முன்கூட்டியே சாய்ந்து ஓட்டுகிறான். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே எல்லாம் நல்லபடி. மே மாதம் பற்றி நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்தேன்.

அன்புடன்,
டெரிக்


ஜாலான் டத்தோ கிராமாட்
8 பிப்ரவரி 2026

கடலின் அன்புக்குரியவருக்கு,

பட்டணத்துக்கு வழி எது என்று கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்னானாம் ஒருவன். நீங்கள் ஸ்வெல்லுக்கு ஒரு பத்தி எழுதினீர்கள், ஹக்கீமின் சோற்றுத் தட்டுக்கு இடம் கொடுத்தீர்கள், மே மாதத்துக்கு ‘படித்தேன்’ என்று ஒரு சொல். நன்றாயிருக்கிறது.

ஆனாலும் கோபத்தில் நன்றி மறக்கமாட்டேன். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் பழைய கெரேத்தாவை ஓட்டிக்கொண்டு பைராம் தோட்டத்துக்குப் போனேன். நீச்சல் குழு அங்குள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடுதான் தொடங்குகிறது. அங்கே பெற்றோர் சங்கத்தில் லெட்சுமி என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும், மோட்டார் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு எரிவாயுத் தோம்பையும் ஏற்றிக்கொண்டு போகிறவள். அவளும் இன்னும் சில அம்மாக்களும் கேண்டீனில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன்.

என் வேலைமுறை உங்களுக்குத் தெரியும். ‘புரிந்ததா’ என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நம் ஆட்களுக்கு மரியாதை அதிகம். ‘இதைக் கேட்டால் நீ என்ன செய்வாய்’ என்று மட்டும் கேட்பேன். சரியான காரியத்தைச் செய்தால் அது சரியான சொல். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுவேன்.

குழுவில் சந்திரசேகரன் ஐயா ஒருவர் இருக்கிறார், தமிழ்மேல் உயிர். டைட் என்பதற்கு ‘ஓதம்’ என்றுதான் எழுத வேண்டும் என்று நின்றார். நல்ல பழைய சொல். ‘ஓதம் இறங்கும்போது கடலில் இறங்காதீர்கள்’ என்று படித்தேன். என்ன செய்வாய் லெட்சுமி என்றேன். அவள் யோசித்துவிட்டு, “ஓதம் எறங்குனா நாங்க எறங்கக்கூடாதா? யாருக்கா அது, அவ்ளோ பெரிய ஆளா?” என்றாள். சரி, கரண்ட் என்று சொல்லிப் பார்ப்போம் என்றால், “கடல்ல எப்டிக்கா கரண்ட் வந்துச்சி? ஷாக் அடிக்கும்லா!” என்று கேண்டீனே சிரித்தது.

கடைசியில் உங்கள் ஜெட்டி வீட்டுச் சேற்றைச் சொன்னேன். “தண்ணி ஏறுது, தண்ணி எறங்குது, அதானே? அப்டி சொல்லுங்கலா முன்னாடியே” என்றாள். முடிந்தது. டைட் இனித் தண்ணீர் ஏற்றம், தண்ணீர் இறக்கம். கரண்டுக்கு ‘இழுப்பு’. தண்ணீர் இழுக்கிறது என்றால் எவளும் பிள்ளையின் கையைப் பிடித்துவிடுவாள். சந்திரசேகரன் ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் ‘ஓதம்’ என்று ஒரு குறிப்புப் போட்டுச் சமாதானம் செய்துவிட்டேன்.

அடுத்த சந்தேகம். ஆங்கிலத்தில் ஷோர் என்கிறான், கோஸ்ட் என்கிறான், பீச் என்கிறான். நான் எல்லாவற்றுக்கும் கரை என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

காற்று எங்கோ அடிக்கும், ஆட்டம் இங்கே வரும் என்று எழுதினீர்களே, அதை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து நீங்கள் அங்கே போட்டீர்கள், ஆடிக்கொண்டிருப்பது நான். பிள்ளை இல்லாத வீட்டில் ஒருவர் போனால் பாதி வீடு போய்விடுகிறது. உங்களுக்கென்ன, படகு நிறைய ஆள். இதை அழுதுகொண்டு எழுதவில்லை. மீன் பொரித்துக்கொண்டே எழுதுகிறேன், கருகிவிடும் போலிருக்கிறது.

நவோமி


லாபுவான்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள நவோமிக்கு,

மீன் கருகியதா?

லெட்சுமி சொன்னதை ஹக்கீமுக்கு மலாயில் சொன்னேன். ஷாக் அடிக்கும் என்றதற்கு அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கரை போதாது. பீச் என்பது மணல், பிள்ளைகள் கால் வைக்கும் இடம். கோஸ்ட் என்பது வரைபடத்தில் நாடு முடிகிற கோடு; அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்லும் சொல். ஷோர் என்பது தண்ணீரில் இருப்பவன் பார்க்கும் கரை. படகிலிருந்து பார்க்கும்போது எனக்கு பீச்சும் தெரியாது, கோஸ்ட்டும் தெரியாது. ஏற வேண்டிய இடம் ஒன்று தெரியும். அது ஷோர். அகராதி இதை ஒத்துக்கொள்ளுமா தெரியாது. நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம்.

கையேட்டில் ரிப் கரண்ட் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மட்டும் விட்டுவிடாதே. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரு வாய்க்கால்போல் கடலுக்குத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று நம் ஆட்கள் அங்கேதான் இறங்குவார்கள். அது இழுத்தால் கரையைப் பார்த்து நேராக நீந்தக்கூடாது. நல்ல நீச்சல்காரனும் களைத்துப்போவான். கரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஸ்பிரிங் டைட், நீப் டைட் என்று இருக்கும். கணினி அதை வசந்தகால அலை என்று எழுதியிருந்தால் கிழித்துப் போடு, வசந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக இறங்கும், இழுப்பும் அதிகம். அது ஸ்பிரிங். அரை நிலா நாள்களில் கடல் சாது. அது நீப். இப்போது யோசித்துப் பார். மாசி மகம் எப்போது? பௌர்ணமி. சித்ரா பௌர்ணமி? பெயரிலேயே இருக்கிறது. நம் ஈஸ்டர்? பௌர்ணமி கழிந்த ஞாயிறு. கோயில் பிக்னிக் ஈஸ்டர் முடிந்த கையோடு. இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் நம் ஆள் கடலுக்குப் போகிற நாளாகப் பார்த்துக் கடல் முழு பலத்தோடு நிற்கிறது. இதை ஆங்கிலக் கையேடு எழுதியவனுக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரிய வேண்டும்.

மே மாதம் பற்றி. கம்பெனி கேட்டிருக்கிறது, ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். பினாங்கில் எனக்கு என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இங்கே நான் கேப்டன். அங்கே வந்தால் பட்டர்வொர்த்தில் பழைய படகில், பழைய இரண்டாம் ஆள். நாற்பத்தெட்டு வயதில், என்னைவிடச் சின்னவன் ஒருவன் கயிற்றைப் பிடி என்றால் பிடிக்க வேண்டும். அதற்காக வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம்.

அன்புடன்,
டெரிக்


ஜாலான் டத்தோ கிராமாட்
8 மார்ச் 2026

டெரிக்குக்கு,

மீன் கருகியது. தின்றேன்.

பௌர்ணமி விஷயத்தைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எத்தனை வருடமாக ஈஸ்டர் பிக்னிக்குக்கு உங்களோடு கடலுக்கு வந்திருக்கிறேன், ஒரு நாளாவது சொன்னீர்களா? கையேட்டில் முதல் பக்கமே அதுதான் இப்போது. நம் திருநாள்கள் எல்லாவற்றையும் போட்டு, ‘அன்று கடலுக்குப் போகாதே’ என்று எழுதாமல், ‘அன்று கணுக்காலோடு நில்’ என்று எழுதியிருக்கிறேன். போகாதே என்றால் நம் ஆட்கள் கட்டாயம் போவார்கள்.

மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் தெப்பம் பார்க்கப் போனேன். பைராம் கூட்டமும் வேன் பிடித்து வந்திருந்தது. தெப்பம் பொழுது சாய்ந்த பிறகுதான், பிள்ளைகள் மத்தியானமே தண்ணீரில். நான் லெட்சுமி பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் எழுந்தாள். படகுகள் கட்டியிருந்த கட்டையில் தண்ணீருக்கு மேலே ஈரக் கோடு தெரிந்தது, அதைப் பார்த்திருக்கிறாள். கையைத் தட்டி, “தண்ணி எறங்குது! எல்லாம் மேல வாங்க! இழுக்கும்!” என்று கத்தினாள். அவள் பிள்ளைகள் மட்டுமா வந்தார்கள்? யார் யாரோ வந்தார்கள். ஒரு மலாய்க்காரர் தன் மகள் அமீராவையும் தூக்கிக்கொண்டு ஏறி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். டெரிக், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் ஐஸ் உருகி ஓடியது. இருபது வருடம் மொழிபெயர்த்திருக்கிறேன், என் சொல்லைக் கேட்டு ஆட்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பக்கவாட்டு நீச்சல்தான் பாடாய்ப் படுத்தியது. ‘இழுத்தால் பக்கவாட்டில் நீந்து’ என்று படித்தால், “பிள்ள கரையில அழுதுக்கிட்டு நிக்கிது, நான் பக்கத்துல நீந்திக்கிட்டிருப்பனாக்கா? நேரா பிள்ளகிட்டதான் போவேன்” என்றாள் லெட்சுமி. மற்றவர்களும் அதேதான். தாய்க்கு வேறு என்ன தோன்றும்? எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில், ‘பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டுமா? முதலில் பக்கவாட்டில் போ’ என்று எழுதினேன். எல்லோரும் சரி என்றார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிச் சொல். பார்க்கலாம். என் வேலைமுறைப்படி அதை எனக்கே படித்துக் காட்டினேன். இதைக் கேட்டால் நீ என்ன செய்வாய், நவோமி? ஒன்றும் தெரியவில்லை. அலமாரியில் உங்கள் பக்கத்தை ஒழிப்பதா, வைப்பதா? மாடி அறையை யாருக்காவது விடுவதா, வேண்டாமா? பாயான் பாருவில் பெரிய அலுவலகம் ஒன்று முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறது, போனால் இரவுதான் திரும்ப முடியும், போவதா? ‘வருகிறேன்’ என்றால் ஒரு வேலை செய்வேன். ‘வரவில்லை’ என்றால் இன்னொரு வேலை செய்வேன். பார்க்கலாம் என்றால் ஜன்னலோரம் நிற்கத்தான் முடியும். அந்தச் சொல்லை நான் வெட்டிவிட்டேன். வேறு சொல் அனுப்புங்கள்.

இரண்டாம் ஆளாக இருப்பது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அதை இதுவரை வாய்விட்டு நீங்கள் சொன்னதில்லை. இப்போது சொன்னீர்களே, அதற்கு நன்றி.

நவோமி


லாபுவான்
6 ஏப்ரல் 2026

அன்புள்ள நவோமிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே பாஸ்கா இரவுப் பூசைக்குப் போயிருந்தேன். தமிழில் பாட ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் பாடினேன்.

தெலுக் பஹாங் கதையை மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் சொல்வேன். ‘என் மனைவி’ என்று தொடங்கித்தான் சொல்கிறேன்.

நீ கேட்ட வேறு சொல்லை எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன். போகிற அன்று என்னிடம் நீ சொன்னது நினைவிருக்கிறதா? ‘போவதென்றால் போங்கள், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சமாட்டேன்’ என்றாய். கோபத்தில் சொன்னாய், தெரியும். ஆனால் அது இங்கே என்னோடு வந்துவிட்டது. போன வருடம் ஒப்பந்தத்தை நீட்டச் சொன்னபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் என்னை யார் கேட்டார்கள் என்று தோன்றியது.

ஆகவே நேராகவே கேட்கிறேன். ஒரே ஒரு சொல் எழுது. ‘வாங்க’ என்று எழுது. நான் கையெழுத்துப் போடமாட்டேன். கேப்டன் வேலையையும் விட்டுவிட்டு வருகிறேன். முப்பதாம் தேதிக்குள் எனக்குக் கிடைத்தால் போதும்.

அன்புடன்,
டெரிக்


ஜாலான் டத்தோ கிராமாட்
15 ஏப்ரல் 2026

என் டெரிக்குக்கு,

எழுதமாட்டேன்.

கோபம் இல்லை. உங்கள் கடிதத்தை வாங்கி, கேட்டருகே நின்றே படித்து, உள்ளே வந்து இன்னொரு முறை படித்து, நன்றாக அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒற்றை ஆளுக்கு மீ கோரேங் பொட்டலம் வாங்குவது எனக்குப் பிடிக்கவே இல்லை. இதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் அந்தச் சொல்லை எழுதமாட்டேன். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வருவீர்கள். பட்டர்வொர்த்தில் அந்தச் சின்னவன் கயிற்றைப் பிடி என்பான். நீங்கள் பிடித்துக்கொண்டே, நவோமி கூப்பிட்டாள், வந்தேன் என்று நினைப்பீர்கள். குழம்பில் உப்புக் குறைந்தாலும் அந்த ஒரு சொல்லை எடுத்து என் முன்னால் வைப்பீர்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன். தொலைபேசிச் சண்டையை நேரில் போடுவோம், அவ்வளவுதான் மிச்சம்.

நீங்கள் போனபோது நான் அனுப்பி வைக்கவில்லை, நீங்களாகப் போனீர்கள். வருவதாக இருந்தால் அதுவும் உங்கள் காலால் நடக்க வேண்டும். இரண்டாம் ஆள் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால், அது வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்காகத் தியாகம் செய்ய வேண்டாம். தியாகியோடு குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன், நீங்கள் ஜன்னலோரம் நிற்க வேண்டியதில்லை. பாயான் பாரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையேடு அச்சாகிவிட்டது, நீலநிற அட்டை, நன்றாக வந்திருக்கிறது. அடுத்து முதலுதவிக் கையேடும் என்னிடம்தான் தருகிறார்கள். ஜூன் விடுமுறையில் பைராம் பிள்ளைகளைப் பத்து ஃபெரிங்கிக்கு அழைத்துப்போகிறோம். இந்த வீட்டில்தான் இருப்பேன். வேலை செய்வேன், சிரிப்பேன், நன்றாகச் சாப்பிடுவேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் நன்றாகவே இருப்பேன். வந்தால் இன்னும் நன்றாக இருப்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டால், பிரிஸில்லாவுக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு வரி போதும். அதோடு நாம் எழுதுவதை நிறுத்திக்கொள்வோம், அலமாரியை ஒழித்துவிடுவேன். கடல் பற்றி எனக்கு இனிச் சந்தேகம் எதுவும் இல்லை.

உங்கள்,
நவோமி


ஜாலான் டத்தோ கிராமாட்,
நம் வீட்டுச் சமையலறை மேசை.
6 ஜூன் 2026, சனிக்கிழமை மாலை

நவோமி,

இதற்கு அஞ்சல்தலை ஒட்டவில்லை.

ஏப்ரலில் நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் அது இன்னொரு வாக்குக் கொடுத்ததாகியிருக்கும். என் வாக்குக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மே மாதக் கடைசி நாள்வரை வேலை செய்தேன். ஹக்கீம் அழுதான், எனக்கும் வந்தது. அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் சேர்கிறேன், பழைய படகு, இரண்டாம் ஆள். நானாகப் போய்க் கேட்டு வாங்கினேன். கேட்டது நான் என்பதால் உப்புக் குறைந்தாலும் உன்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

மத்தியானம் வந்து கேட்டருகே பெட்டியோடு நின்ற பிறகுதான், என்னிடம் சாவியே இல்லை என்பது உறைத்தது. லீவில் வந்த இரண்டு முறையும் நீதான் திறந்துவிட்டாய், சாவியைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை. உன்னை அழைக்கலாம் என்று தொலைபேசியை எடுத்தேன், அது சண்டை பிடிக்கிற சாமான், திரும்ப வைத்துவிட்டேன். எதிரே சீனி முகம்மது பாய் கடையில் போய் உட்கார்ந்து தேநீர் கேட்டேன். நீ பிள்ளைகளோடு பத்து ஃபெரிங்கிக்குப் போயிருப்பதாகச் சொன்னார். இன்று அரை நிலாவை ஒட்டிய நாள், கடல் சாதுவாக இருக்கும், நல்ல நாளாகத்தான் பார்த்திருக்கிறாய்.

“பாய், அவங்க உங்கக்கிட்ட சாவி ஏதும் குடுத்துட்டுப் போனாங்களா?” என்று சும்மாதான் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே கையை விட்டுத் துழாவி ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இன்னிக்கி இல்ல தம்பி. நீங்க லாபுவான் போனீங்களே, அதுக்கு மறுநாளே குடுத்துட்டாங்க. அவரு வந்து கேட்டா மட்டும் குடுங்க பாய், கேக்காட்டி நீங்களா குடுக்க வேணாம்னாங்க. நீங்க இப்பதான்லா கேக்குறீங்க” என்றார்.

தேநீரைக் குடிக்க முடியவில்லை, நவோமி. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருடமாக ஒரு சொல்லுக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தேன். நீ அதைச் சொல்லி, எதிர்க்கடையில் வைத்துவிட்டு, உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

வீட்டில் எல்லாம் இடம் மாறியிருக்கிறது. அரிசி டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன், மிளகாய்த்தூள் எங்கே என்று தெரியவில்லை, ஆகவே குழம்பு கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். சோறு ஆகிவிட்டது. நீ வெயிலில் நின்று களைத்து வருவாய். வந்ததும் கதவைக்கூடத் திறக்காமல் முதலில் தபால் பெட்டியைத்தான் பார்ப்பாய் என்று பாய் சொன்னார், ஜனவரியிலிருந்து இப்படித்தானாம். அதனால் இதை அதிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் உட்காருகிறேன்.

படித்துவிட்டாயா? கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே வா.

டெரிக்